திரும்பி வந்த ரத்தப் புற்றுநோய்: கார்-டி செல் சிகிச்சையா, மஜ்ஜை மாற்றா, பிளினாட்டுமோமாபா?

அக்கா மகனுக்கு 19 வயதில் வந்த ரத்தப் புற்றுநோய் 22 வயதில் திரும்பி வந்தது. சித்தூர் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும் ஜூன் மாதம் அது. பத்து நாளுக்குள் நான்கு யோசனைகள் வந்து சேர்ந்தன. ஒரு டாக்டர் கார்-டி செல் சிகிச்சை என்றார். இன்னொருவர் முதலில் பிளினாட்டுமோமாப் என்ற மருந்து, பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று என்றார். மூன்றாவது இடத்தில் ஆய்வில் சேரலாம் என்றார்கள். நான்காவதாக, வேலூர் லாட்ஜ் வராந்தாவில் பழக்கமான ஒருவர் பெருநகரக் கிளினிக் ஒன்றின் நோட்டீசை நீட்டினார். "உங்க ரத்தத்துல இருந்தே செல் எடுத்துப் பலப்படுத்தி ஏத்துவாங்க சார், பக்கவிளைவே கிடையாது" என்றார்.

அதற்குப் பிறகு பலமநேர், நகரி, குடியாத்தம், திருத்தணி என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள குடும்பங்கள் இதே கேள்வியோடு என்னிடம் பேசிவருகிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஒரு பிள்ளையோடு வார்டில் இருந்தவன், ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் புரியும்வரை கேட்டவன். முடிவு உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியது. அந்த நாற்காலியில் உட்காரும்முன் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## எந்த நோய்க்கு இந்தப் பேச்சு

அவனுக்கு வந்தது பி-செல் வகை கடும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. பி-செல் என்பது ரத்த வெள்ளையணுவில் ஒரு வகை. இந்த நோயை டாக்டர்கள் பி-ஏஎல்எல் என்பார்கள். குழந்தைகளிடம்தான் இது அதிகம், பெரியவர்களுக்கு அரிது. பெரியவர்களுக்குத் திரும்பி வந்தால் பழைய கீமோவை மட்டும் நம்பி நீண்ட நாள் நிறுத்திவைப்பது கடினம். அதனால்தான் இந்த நான்கு வழிப் பேச்சே வருகிறது.

கார்-டி பற்றி டிவியில் பார்த்துவிட்டு வயிற்றுப் புற்று, மார்பகப் புற்று உள்ளவர்களும் கேட்கிறார்கள். இந்தியாவில் தயாராகும் நெக்ஸ்கார்19, கார்டெமி இரண்டும் பி-செல்லின் மேல் உள்ள சிடி19 என்ற புரதத்தைக் குறிவைப்பவை. அந்தப் புரதம் இல்லாத கட்டியில் அவற்றுக்கு வேலை இல்லை. சைனோவியல் சார்கோமா என்ற அரிய சதைப் புற்றுக்கு 2024 ஆகஸ்டிலும், மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அதே ஆண்டு பிப்ரவரியிலும் அமெரிக்காவில் செல் சிகிச்சைகள் அனுமதி பெற்றன. அவை தயாரிப்பிலும் குறியிலும் வேறானவை. "செல் சிகிச்சை" என்ற ஒரே பெயரைக் கேட்டு எல்லாம் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

குறி இருக்கிறதா? செல்லின் மேல் எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட்டில் சிடி19 பாசிட்டிவ் என்று இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் போதாது, திரும்பி வந்த பிறகு எடுத்தது வேண்டும்.

நோய் இப்போது எவ்வளவு இருக்கிறது? மஜ்ஜையில் 5 சதவீதம் கெட்ட செல் இருப்பவருக்கும் 70 சதவீதம் இருப்பவருக்கும் ஒரே பதில் இருக்காது. அதிகமாக இருந்தால் கார்-டி ஏற்றிய பிறகு வரும் காய்ச்சலும் கடுமையாகும், காத்திருக்க நாளும் இருக்காது.

முழுச் செலவு எவ்வளவு? மருந்தின் விலை ஒரு பங்குதான்.

கூட யார் இருப்பார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் 101 வந்தால் ஆட்டோ பிடித்து ஓட ஓர் ஆள், வாரக்கணக்கில்.

இதற்கு அப்புறம் என்ன? எல்லாவற்றிலும் கனமானது இதுதான். அக்கா மகனே இதைக் கேட்டான். "மாமா, இது வேலை செஞ்சா அப்புறம் என்ன, செய்யலன்னா அப்புறம் என்ன?" அதையே ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டோம். இரண்டு பாதிக்கும் நிதானமாகப் பதில் சொன்னவரிடமே போனோம்.

## கார்-டி செல் சிகிச்சை

உடம்பில் கிருமியையும் கெட்ட செல்லையும் அழிக்கும் டி-செல்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பார்கள். ஆய்வகத்தில் தீங்கில்லாதபடி மாற்றிய வைரஸ் ஒன்றின் மூலம் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துவார்கள். அதன்பின் அந்த டி-செல்லுக்கு சிடி19 எங்கே இருந்தாலும் அடையாளம் தெரியும். அப்படி மாற்றிய செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கித் திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள்.

2012இல் எமிலி வைட்ஹெட் என்ற அமெரிக்கச் சிறுமிதான் இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை. செல் ஏற்றியதும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்து பிழைப்பதே சந்தேகமானது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் மருந்துதான் அவளைக் காப்பாற்றியது. இன்று ஒவ்வொரு கார்-டி வார்டிலும் அந்த மருந்து தயாராக இருப்பதற்கு அவளே காரணம். உங்கள் மருத்துவமனையில் செல் ஏற்றும்முன்பே குறைந்தது இரண்டு டோஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

2017இல் அமெரிக்கா அனுமதித்த முதல் கார்-டி மருந்தின் விலை 4,75,000 டாலர். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இங்கே அனுமதி கிடைத்தது. 15 வயது முதல் உள்ளவர்களுக்கானது. அறிமுகமானபோது விலை சுமார் 40 லட்சம் ரூபாய். பத்தில் ஒரு பங்கு என்று பத்திரிகைகள் எழுதின. உண்மைதான். ஆனால் பத்தில் ஒரு பங்கும் எங்கள் ஊரில் ஒரு மாந்தோப்பின் விலை.

பலன் எப்படி? இந்திய ஆய்வில் 64 பேர் சேர்ந்தார்கள். பலனை அளவிட முடிந்த 51 பேரில் 73 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. இளம் வயதினரிடம் செய்த வெளிநாட்டு ஆய்வொன்றில் செல் ஏற்றிய 75 பேரில் 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் மறைந்தது. அதே ஆய்வில் ஓர் ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். முதல் எண்ணை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது எண்ணை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

செல் எடுக்கும் நாள் எங்களுக்கு இப்படி இருந்தது. இரண்டு கையிலும் ஊசி, மெஷின் நாலு மணி நேரம் ஓடியது. மூக்கு அரித்தால் அக்காதான் சொறிந்துவிட வேண்டும். சில வாரம் கழித்து வந்த பை உள்ளங்கை அளவுதான். இருபது நிமிடத்தில் ஏறி முடிந்துவிட்டது. செல்லை உறையவைக்கச் சேர்க்கும் ரசாயனத்தின் வாசனை, அறை முழுக்கப் பூண்டு உரித்த மாதிரி இருந்தது. "இவ்ளோதானா மாமா?" என்றான். நான்காம் நாள் காய்ச்சல் 103 தொட்டது.

அதற்கு அடுத்த ஆபத்து மூளையைத் தொடுவது. பேச்சு குழறும், பெயர் மறக்கும், கையெழுத்து கோணும். அதனால் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் தெலுங்கில் படிப்பார்கள். அவன் தமிழில் திக்கித் திக்கி எழுதிய வாக்கியத்தைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மாறிவிட்டது. அக்கா ஓடிவந்து, "அவனுக்குத் தமிழ் எழுத வராதும்மா, தெலுங்குல எழுதச் சொல்லுங்க" என்றாள். தெலுங்கில் முத்து முத்தாக எழுதினான். எல்லையோரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இது: பிள்ளைக்கு எந்த மொழி எழுத வருமோ அந்த மொழியில், செல் ஏற்றும்முன்பே ஒரு வாக்கியம் எழுதிவாங்கி ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் பல. செல் தயாராகும்வரை நோயை அடக்கிவைக்கக் கீமோ. ஏற்றும்முன் ஃப்ளூடாரபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள். ஐசியு நாட்கள். ஒரே கொடையாளரிடமிருந்து எடுக்கும் பிளேட்லெட் பை ஒன்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். கெட்ட செல்லோடு நல்ல பி-செல்லும் அழிவதால் கிருமியை எதிர்க்கும் சத்து குறையும், மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்ற வேண்டிவரலாம். 55 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 20 கிராம், அது எத்தனை மாதம் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். அரிதாக, பல மாதம் கழித்து டி-செல்லிலேயே புதுப் புற்று வரலாம் என்று 2024இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை சேர்த்தது.

யாருக்கு ஏற்றது? சிடி19 உறுதியாக இருப்பவருக்கு, கீமோவுக்கு நோய் அடங்காதவருக்கு, மஜ்ஜை மாற்றுக்குப் பிறகும் திரும்பி வந்தவருக்கு. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லாக் கீமோவும் பார்த்துவிட்டுக் கடைசியில் பார்க்கலாம் என்று இதைத் தள்ளிவைக்காதீர்கள். கடும் கீமோ டி-செல்லையும் அழிக்கும். எடுப்பதற்கு நல்ல செல் இல்லாவிட்டால் கையில் 40 லட்சம் இருந்தும் பயனில்லை. அடுத்த கீமோ தொடங்கும்முன் "இப்பவே செல் எடுத்து வைக்கலாமா டாக்டர்?" என்று கேட்பது அன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம்.

## மஜ்ஜை மாற்று

நோயுள்ள மஜ்ஜையை அழித்துவிட்டு, பொருந்தும் ஒருவரின் நல்ல ஸ்டெம் செல்லை ஏற்றுவது இது. பழகிய பாதை. டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும் வேலூர் சிஎம்சியில் 1986இலும் தொடங்கியது. பல மையங்களில் 15 முதல் 30 லட்சம் வரை ஆகும். முதல் நிபந்தனை, நோய் அடங்கியிருக்க வேண்டும். மஜ்ஜையில் நோய் இருக்கும்போதே மாற்றினால் திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நம் பக்கம் தாய்மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் இருப்பதால், பெற்றோரோ சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோ பொருந்தும் வாய்ப்பு மற்ற குடும்பங்களைவிடச் சற்றுக் கூடுதல். எங்கள் டாக்டர் முதலில் கேட்டது குடும்ப மரத்தைத்தான். பரிசோதனைக்கு அழைத்துப்போகும்முன் யார் யாருக்கு எப்படிச் சொந்தம் என்று தாளில் வரைந்து எடுத்துப்போங்கள். யாருமே முழுதாகப் பொருந்தாவிட்டால் பாதிப் பொருத்தத்திலும் இப்போது செய்கிறார்கள். வெளிக் கொடையாளர் வேண்டுமென்றால் சென்னையில் 2009 முதல் தாத்ரி பதிவகம் இருக்கிறது. அந்த வழியில் செலவு கணிசமாகக் கூடும்.

மாற்றிய மஜ்ஜை நம் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் நிலை சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். சுமார் நூறு நாள் மருத்துவமனைக்கு அருகில் இருக்க வேண்டும். இன்னொன்றை வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், அதனால் நான் பேசுகிறேன்: மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் கீமோவும் கதிரியக்கமும் குழந்தை பெறும் திறனைப் பெரும்பாலும் பறித்துவிடும். பையனாக இருந்தால் விந்தணுவைச் சேமிக்க ஒரு நாள் போதும், செலவும் கொஞ்சம்தான். பெண்ணாக இருந்தால் நாள் கூடுதலாக வேண்டும், அதற்கும் வழி உண்டு. டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

நோய் அடங்கி, பொருந்தும் ஆளும் கிடைத்து, முன்பு மாற்று செய்யாதவராக இருந்தால் இதைத் தாண்டி கார்-டிக்கு ஓட அவசரம் இல்லை என்பது என் எண்ணம்.

## பிளினாட்டுமோமாப்

இது செல் இல்லை, மருந்து. ஒரு முனை டி-செல்லைப் பிடிக்கும், மறு முனை சிடி19ஐப் பிடிக்கும், இரண்டையும் முட்டவைக்கும். செல்லை வெளியே எடுத்து மாற்றி ஏற்றும் காத்திருப்பு இல்லை, நாளைக்கே தொடங்கலாம். 28 நாள் இரவு பகலாகப் பம்பில் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். முதல் சில நாள் வார்டில், பிறகு இடுப்புப் பையோடு லாட்ஜில். பம்ப் சத்தம் போட்டால் பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கரண்டு போகும் இடத்தில் சார்ஜ் தீரும் கவலையும் சேரும். ஒரு சுழற்சிக்கே பல லட்சம்.

திரும்பி வந்த பெரியவர்களிடம் கீமோவோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் 4.0 மாதத்திலிருந்து 7.7 மாதமாகக் கூடியது. தனியாக இது முடிவிடம் இல்லை, மாற்றுக்குக் கொண்டுசேர்க்கும் பாலம். அந்தக் கணக்கோடு எடுத்தால் நல்ல மருந்து. இதுவும் சிடி19ஐத்தான் குறிவைக்கிறது. இதற்குப் பிறகு கார்-டி செய்ய நினைத்தால் சிடி19 இன்னும் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

## ஆய்வில் சேர்வது

"நம்ம பிள்ளையைச் சோதனை எலியாக்குவதா?" என்று அக்கா அழுதாள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒழுங்காக நடக்கும் ஆய்வுக்கு இந்தியாவில் 2019 விதிகள் இருக்கின்றன. சிடிஆர்ஐ என்ற இந்திய ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி இருக்க வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. கையெழுத்துப் போடும் தாளின் நகலை உங்களுக்குத் தர வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில். எந்த நாளிலும் விலகலாம்.

வேலூர் சிஎம்சியில் மருத்துவமனைக்குள்ளேயே செல் தயாரித்து, உறையவைக்காமல் சுமார் 9 நாளில் திரும்ப ஏற்றிய ஆய்வில் 10 பேர் சேர்ந்தார்கள். ஏஎல்எல் நோயாளிகள் அனைவருக்கும் நோய் அடங்கியது. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் நம் பக்கத்து ஊரில் நடந்தது என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆய்வுச் செல்லுக்குப் பணம் கேட்கக் கூடாது. படுக்கை, ஆன்டிபயாட்டிக், ஐசியு, ரத்தம் இவற்றை யார் கட்டுவது என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். சேரும் நிபந்தனைகள் கறாரானவை, பலருக்கு இடம் கிடைக்காது.

## நோட்டீசில் வரும் செல் சிகிச்சை

அந்தக் கிளினிக்குக்கு நானே போனேன். ஃப்ளோ ரிப்போர்ட்டை அவர்கள் கேட்கவே இல்லை. டென்ட்ரிடிக் செல், என்கே செல் என்று வேறு எதிர்ப்புச் செல்களின் பெயரில் ஆறு ஊசி, பாதிப் பணம் முன்பணம். சிடிஆர்ஐ எண் கேட்டேன், "அது ரிசர்ச்சுக்கு சார், இது ட்ரீட்மென்ட்" என்றார்கள். பி-ஏஎல்எல் திரும்பி வந்தவர்களிடம் பலன் கண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் காட்டச் சொன்னேன், குணமானவர்களின் வீடியோவைக் காட்டினார்கள். இந்த வழியை மற்றவற்றோடு தராசில் வைக்கவே நான் மாட்டேன். போகும் பணத்தைவிடப் போகும் வாரங்கள் பெரிய நஷ்டம்.

## ஒரே பார்வையில்

| வழி | தொடங்க வேண்டியது | அருகில் தங்கும் காலம் | பில்லில் தெரியாதது |
|---|---|---|---|
| கார்-டி | சிடி19, எடுக்கத் தகுந்த டி-செல் | செல் எடுப்பதில் தொடங்கி இரண்டு, மூன்று மாதம் | இடைக்காலக் கீமோ, ஐசியு, இம்யூனோகுளோபுலின் |
| மஜ்ஜை மாற்று | அடங்கிய நோய், கொடையாளர் | சுமார் 100 நாள் | நீண்ட நாள் மருந்து, குழந்தைப்பேறு |
| பிளினாட்டுமோமாப் | சிடி19 | ஒரு சுழற்சிக்கு 28 நாள் | அடுத்த சுழற்சி, பின்னால் வரும் மாற்று |
| ஆய்வு | நிபந்தனைக்குள் வருவது | ஆய்வைப் பொறுத்து | ஆய்வில் சேராத மருத்துவமனைச் செலவு |

## எல்லையில் இருப்பவர்களின் தனிச் சிக்கல்

ஆந்திர ரேஷன் கார்டை வைத்துத் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில் சேர முடியாது. ஆந்திர அரசின் என்டிஆர் வைத்தியசேவைத் திட்டத்தில் எல்லை தாண்டிய எந்த மருத்துவமனை இருக்கிறது, எந்தச் சிகிச்சை இருக்கிறது என்பதை அந்தத் திட்டத்தின் உதவி மேசையில் கேட்டு உறுதி செய்யாமல் அட்மிஷன் போடாதீர்கள். ஆயுஷ்மான் அட்டை மாநிலம் தாண்டிச் செல்லும், ஆனால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான். கார்-டி மருந்தின் அந்த 40 லட்சத்தில் அது எட்டில் ஒரு பங்கு. தனியார் பாலிசி இருந்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நவீன சிகிச்சைப் பட்டியலில் மஜ்ஜைக்கான ஸ்டெம் செல்லும் ஆன்டிபாடி ஊசியும் பெயரோடு இருக்கின்றன, கார்-டி பெயரோடு இல்லை. முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே செல் எடுக்க நாள் குறியுங்கள்.

திருப்பதியிலிருந்தோ குப்பத்திலிருந்தோ காட்பாடிக்கு ரயிலில் வருபவர்களுக்கு, சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை. கூட வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனைச் சான்று வேண்டும். மாதம் நான்கு முறை போய்வரும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை இல்லை.

எதுவும் வேண்டாம், வலியில்லாமல் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. குறிப்பாக இரண்டு மாற்று பார்த்து ஓய்ந்த உடம்புகள். அந்தக் குடும்பத்தை யாரும் கைவிட்டவர்கள் என்று பேசக் கூடாது. வலித்தணிப்பு மருத்துவரை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளலாம், மற்ற சிகிச்சை நடக்கும்போதும்.

## நாங்கள் எடுத்த முடிவு

மஜ்ஜையில் நோய் 60 சதவீதம் இருந்தது. உடனே செல் எடுத்து வைத்தோம், பிறகு அடக்கும் கீமோ, பிறகு கார்-டி. அக்கா வீட்டுக்காரர் தோப்பு முழுவதையும் விற்கத் தயாராக நின்றார். "பாதியை வைங்கப்பா, அப்புறம்னு ஒண்ணு இருக்கு" என்று அவனே தடுத்தான். 28ஆம் நாள் மஜ்ஜையில் நோய் தென்படவில்லை. அங்கேயே நிறுத்தலாமா, மாற்றுக்குப் போகலாமா என்பதில் டாக்டர்களிடையே இன்றும் இரண்டு கருத்து உண்டு. திரும்பி வரும் பாதிப் பேரை நினைத்து நாங்கள் மாற்றுக்குப் போனோம். தங்கைதான் கொடையாளர், முழுப் பொருத்தம். அந்தச் செலவுக்குத்தான் மிச்சத் தோப்பு போனது.

உங்கள் அடுத்த ஓபிக்கு ஒரே ஃபைலில் இவற்றை எடுத்துப்போங்கள்: நோய் திரும்பிய பிறகு எடுத்த ஃப்ளோ ரிப்போர்ட், கடைசிக் கீமோ கொடுத்த தேதி, இதுவரை ஏற்றிய எல்லா மருந்தின் பெயர், குடும்ப மரம் வரைந்த தாள், எந்த மாநில அட்டை என்ற நகல். முதல் தாளாக ஃப்ளோ ரிப்போர்ட் இருக்கட்டும். டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.